தண்ணீர் மட்டும்

கேட்டின் கீல் கீச்சிட்டது. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

அடுப்படியில் பால் பொங்கக் காத்து நின்றவளுக்கு அது உடனே உறைக்கவில்லை. பால் பொங்கி, அடுப்பை அணைத்து, மேடையைத் துணியால் துடைத்த பிறகுதான் காதில் ஏதோ குறைவதாகப் பட்டது. கோடை விடுமுறையில் அந்த வீட்டு கேட்டை விரலால் தொட்டால் போதும். பல் டாக்டர் வீட்டு நாய்கள் இரண்டும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஆரம்பிக்கும். தையல்காரர் வீட்டுக் குட்டை நாய் அதைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை விடாது. அவர்களுடைய சொந்த நாயான கிழவன், எழுந்திருக்க மனமில்லாமல் படுத்தபடியே ஒரு தடவை குரல் கொடுத்துத் தன் கடமையை முடித்துக்கொள்வான். எல்லாவற்றுக்கும் மேலே டீச்சர் வீட்டுக் கிளி, எஜமானியிடம் கற்ற அதட்டலோடு "வாயை மூடு!" என்று கத்தும். அன்று அவள் கணவர் கேட்டைச் சாத்தியதும், தொண்டையைச் செருமியதும், செருப்பைக் கழற்றிச் சுவரோரம் தள்ளியதும் தனித்தனியாகக் கேட்டன.

"என்னம்மா, உன் பட்டாளத்துக்கு இன்னைக்கு லீவா?" என்றபடி உள்ளே வந்தார்.

"வெயிலுங்க. அதுங்களுக்கும் தொண்டை காயும்ல."

"நமக்குக் காய மாட்டேங்குதே."

"உங்களுக்கா? தூக்கத்துலகூட யாரையாவது வண்டியில ஏத்திக்கிட்டுப் பேசிக்கிட்டே போறீங்க."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு சுவர்களில் மோதித் திரும்பி வந்தது. எட்டுப் பிராணிகள் இருக்கும் வீட்டில் சிரிப்பு எதிரொலிக்க வழியே இல்லை.

அவர் பள்ளி வேன் ஓட்டுபவர். பள்ளி மூடும் இரண்டு மாதமும் வேன் வாசலில் நிற்கும். அந்த இரண்டு மாதமும், வெளியூர் போகிறவர்கள் தங்கள் பிராணிகளை இவர்களிடம் விட்டுப் போவார்கள். அதற்கென்றே வீட்டின் பின்னால் கம்பி ஜன்னல் வைத்த நீளமான அறை ஒன்று. ஜன்னலில் நனைத்த சாக்கு தொங்கும். உள்ளே ஈரச் சாக்கின் வாடை, பினாயில், நாய் ரோமம், கிளி கொறித்துப் போட்ட சூரியகாந்தி விதைத் தோல், எல்லாம் சேர்ந்து ஒரு கனத்த, உயிருள்ள மணம். நுழைந்ததும் மூக்கைப் பொத்துகிறவர்கள் உண்டு. அவளுக்கு அது பிடிக்கும்.

அறை வாசலில் ஒரு கரும்பலகை. பள்ளியில் தூக்கிப் போட்டதை அவர் வேனில் ஏற்றி வந்தது. வந்திருக்கும் பிராணி எது, என்ன தீனி, எத்தனை வேளை என்று அதில் வரிசையாக இருக்கும். யார் வாங்கி உள்ளே விடுகிறார்களோ அவர்கள் எழுத வேண்டும். யார் தீனி வைக்கிறார்களோ அவர்கள் டிக் போட வேண்டும். அவளுக்கு வெள்ளை சாக்பீஸ், அவருக்கு மஞ்சள், பதின்மூன்று வயது மூத்த மகளுக்கு ரோஜா நிறம், வாலு என்று எல்லோரும் கூப்பிடும் ஆறு வயது மகனுக்குப் பச்சை. இருக்கிற வேலையில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு நிற்க யாருக்கும் நேரமில்லை. பலகையைப் பார், செய், டிக் போடு. அவள் போட்ட சட்டம் அது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அன்று பலகையில் எட்டாவது வரிக்குக் கீழே ஒன்பதாவதாக ஒரு வரி இருந்தது, யாருடைய நிறம் என்று தெரியாதபடி மங்கி.

கூடை. தண்ணீர் மட்டும்.

அதற்கு நேரே மூன்று நாள் டிக். மஞ்சள், ரோஜா, பச்சை. இரண்டு இடத்தில் வெள்ளையும். போட்டது அவள்தான், கை அசைந்த விதம்கூட நினைவிருந்தது. கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி மூலையில் வைத்தது நினைவிருந்தது. அந்த மூலையில் எதற்குப் பக்கத்தில் வைத்தாள் என்பதுதான் நினைவில் இல்லை.

காலைச் சாப்பாட்டின்போது கேட்டாள். "ஒன்பதாம் நம்பரை யாரு வாங்கி விட்டது?"

"நீதானே?" என்றார் அவர்.

"நான் இல்லைங்க. ஏண்டி பெரியவளே, நீயா?"

"நான் இல்லம்மா. அப்பான்னு நினைச்சேன். முயல்தானே? நல்ல வெள்ளை முயல். காது வெளிய தெரிஞ்சுது."

"முயலா?" அவர் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னார். "பூனைம்மா அது. இவ்ளோ நீட்டு வால்."

"அப்பா, இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டா எங்க எல்லாரையும் வேன்ல கூட்டிட்டுப் போறீங்க?"

"ரெண்டும் இல்ல," என்றான் வாலு. தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அது இன்னும் எதுவும் ஆகல."

மூவரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

"என்னடா சொல்றே?"

"எல்லாரையும் பாத்துட்டு அப்புறமா ஆகும்."

"நீ அதுகிட்டப் பேசினியா?"

"இல்லம்மா. அது கேட்டுக்கிட்டே இருக்கு. அதான் பேசல."

சாப்பிட்ட கையோடு அவள் போய்ப் பார்த்தாள். பிரம்புக் கூடை. குடத்தளவு உயரம். மேலே பிரம்பு மூடி, மூடியைச் சுற்றிப் பழுப்புத் துணி, துணியைச் சுற்றிக் கயிறு. காதோ வாலோ வெளியே தெரிய அதில் ஒரு விரல் இடைவெளிகூட இல்லை. அருகில் வைத்த கிண்ணம் காலி. காய்ந்து, அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அவள் குனிந்தாள். குனிந்ததும் அறையின் மணம் சட்டென்று அற்றுப்போனது. கூடையைச் சுற்றி ஒரு முழத்துக்கு எந்த வாடையும் இல்லை. காதை மூடிக்கொண்டால் ஓசை இல்லாமல் போகுமே, மூக்குக்கு அப்படி. துணிக்குப் பின்னால் ஏதோ மூச்சு இழுத்தது. மெதுவாக, நீளமாக. அந்த மூச்சை அது வெளியே விடும் என்று அவள் காத்திருந்தாள்.

விடவில்லை.

கயிற்றில் கை வைத்தபோது முற்றத்தில் பக்கெட் நிரம்பி வழியும் சத்தம். கூடவே மருந்துக் கடைக்காரரின் பூனைகள் தீனிக்கு நேரமாயிற்று என்று அவள் காலைச் சுற்றின. மத்தியானம் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்தாள். போகிற போக்கில் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றினாள். டிக்கும் போட்டாள்.

அந்த மத்தியானம் வீடு முழுவதும் தூங்கியது. தெருவில் தார் இளகும் வாடை ஜன்னல் வழியே வந்துகொண்டிருந்தது. ஃபேன் சூட்டைக் கலக்கிக் கலக்கித் திருப்பிக் கொடுத்தது. அவள் கண் செருகும் வேளையில் பின்னறையிலிருந்து கிளி அதட்டியது: "வாயை மூடு!"

அப்பாடா, பேச ஆரம்பித்துவிட்டது என்று எழுந்து போனாள். கிளி தன் கம்பியில் உட்கார்ந்திருந்தது. அவளைக் கண்டதும் அலகைத் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது, கழுத்து இறகு சிலிர்க்க, உடம்பு முழுவதையும் உந்தித் திறந்தது. உள்ளே சின்னக் கறுப்பு நாக்கு துடித்தது. காற்றுகூட வரவில்லை.

"வாயை மூடு!" என்றது மூலை.

அதைத் தொடர்ந்து நாய்க் குரைப்பு. இரண்டு நாய்களின் குரைப்பு, ஒன்றையொன்று முந்திக்கொண்டு, ஒரே இடத்திலிருந்து. பல் டாக்டரின் நாய்கள் எதிர்ச் சுவரில் முதுகு ஒட்ட நின்றிருந்தன. அவை வாயைத் திறக்கவில்லை. திறந்து பார்த்து ஓய்ந்த நாய்கள் அவை என்று அவற்றின் கண்ணைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்தது.

அவரை எழுப்பிக் கூட்டி வந்தாள். அவர் தலையைச் சொறிந்தபடி கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு கூடைக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"நாலு நாளா நான் இவர்கிட்டதான் காலையில பேசிக்கிட்டிருக்கேன். அப்பல்லாம் கம்முன்னு இருந்தாரு. என்ன சார், மிமிக்ரியா? யார் வீட்டு விருந்தாளி சார் நீங்க?"

"என்னங்க, எழுந்திரிங்க."

"அட, இரும்மா. விருந்தாளிகிட்டப் பேசாம எப்படி?"

மறுநாள் காலை அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. உப்புப் போட்டு வெந்நீர் கொடுத்தாள். சாயங்காலம் குரல் கிசுகிசுப்பாக இறங்கியது. அதற்கு மறுநாள் அதுவும் இல்லை. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தொண்டை சுத்தமாக இருக்கிறது, வெயில்தான், ஐஸ் தண்ணீர் வேண்டாம் என்றார். வீட்டுக்கு வந்ததும் அவர் மஞ்சள் சாக்பீஸால் பலகையின் ஓரத்தில் எழுதினார்: இந்த வீட்டில் எனக்கு எப்போது பேச்சு இருந்தது? பெரியவள் வாசித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவர் தோள் குலுங்கச் சிரித்தார். சத்தமில்லாமல்.

அன்று நால்வரும் மத்தியானச் சாப்பாட்டில் இருந்தபோதுதான் அது பேசியது.

"என்ன சார்? யார் வீட்டு விருந்தாளி சார் நீங்க?"

அவருடைய குரல். கரகரப்பு எதுவும் இல்லாத, முந்தின வாரத்துக் குரல். பின்னால் சிரிப்பு. பெரியவள் சிரித்தபடி அப்பாவைப் பார்த்தாள். அப்பாவின் வாய் மூடியிருப்பதைப் பார்த்தாள். கையிலிருந்த டம்ளரை மெல்ல மேஜையில் வைத்தாள். பேசினவர்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறது என்று அப்போதுதான் அம்மாவுக்கு உறைத்தது. கிளி பேசியது, நாய்கள் பேசின, இவர் எல்லோரையும்விட அதிகம் பேசினார். காதில் பாட்டை மாட்டிக்கொண்டு வேலை செய்யும் பெரியவளிடமிருந்து எடுக்க ஒன்றும் கிடைக்கவில்லை. வாலு முதல் நாளே வாயை மூடிக்கொண்டான். ஆறு வயதுக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியவில்லை.

அவர் எழுந்தார். பின்னறைக்குப் போய்க் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பாரம் தாங்காமல் முதுகு வளைந்திருந்தது.

"நானும் வரேங்க."

பிள்ளைகளைக் கண்ணால் காட்டினார். நீ இவர்களைப் பார்த்துக்கொள். வேனில் ஓட்டுநர் பக்கத்து இருக்கையில் கூடையை வைத்தார். தினமும் நாற்பது பிள்ளைகளை ஏற்றி இறக்கும் பழக்கதோஷம். அதற்கும் பெல்ட்டை இழுத்து மாட்டினார். அவளைப் பார்த்து வழக்கம்போல் ஒற்றைப் புருவத்தைத் தூக்கினார். வேன் தெருமுனையில் திரும்பியது.

மாலையில் போலீஸ்காரர் வந்தார். மூடிக் கிடக்கும் செங்கல் சூளைக்குப் பக்கத்தில், வண்டி ஒழுங்காக ஓரம் கட்டி நின்றதாம். கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்ததாம். இரண்டு கையும் ஸ்டியரிங்கில், வாய் திறந்தபடி. வெயில் என்றார்கள். இதயம் என்றார்கள். நாற்பத்திரண்டு வயது என்றார்கள். அவளுக்கு அவர்கள் சொன்ன வார்த்தைகள் எல்லாம் கேட்டன, ஒன்றோடொன்று சேரவில்லை.

வீடு மனிதர்களால் நிறைந்தது. யார் சமைத்தார்கள், யார் வாசலைக் கழுவினார்கள், யார் வாலுவைக் குளிப்பாட்டினார்கள் என்று எதுவும் தெரியாமல் மூன்று நாள் போயிற்று. பிராணிகளின் சொந்தக்காரர்கள் தகவல் கேட்டு ஓடி வந்து, தலையைக் குனிந்துகொண்டு, தத்தம் உயிர்களை வாங்கிக்கொண்டு போனார்கள். பல் டாக்டர் மட்டும் கேட்டிலிருந்து திரும்பி வந்து தயங்கித் தயங்கிக் கேட்டார்: "இதுங்க ஏன்மா குரைக்கவே மாட்டேங்குது?" துக்கம் என்று அவரே முடிவு செய்துகொண்டார்.

நான்காம் நாள் எல்லோரும் போன பிறகு பின்னறைக்குள் நுழைந்தாள். காலியான கூண்டுகள். காய்ந்த சாக்கு. மூலையில், அதே இடத்தில், கூடை. பக்கத்தில் பாதி காலியான கிண்ணம்.

தங்கைதான் பின்னாலேயே வந்தாள். அடுத்த தெருவில் இருக்கிறவள். "வண்டியில இருந்த சாமான்னு அந்தப் போலீஸ்காரர் குடுத்தாருக்கா. மாமா செருப்பு, போன், சாவி, அப்புறம் இது. யாரோ வாங்கி உள்ள வெச்சாங்க."

"தண்ணி யாரு வெச்சது?"

"நான்தான். இந்த அமளியில யாரு கவனிக்கப் போறாங்கன்னு. பாவம், வாயில்லா ஜீவன்."

அவள் கிண்ணத்தை எடுத்தாள். முற்றத்துக்கு வந்து, கொதிக்கும் சிமெண்டில் கவிழ்த்தாள். தண்ணீர் சுருங்கிச் சுருங்கி, கண்ணெதிரே இல்லாமல் போனது. அதைக் கடைசிவரை நின்று பார்த்தாள்.

"பிள்ளைங்க ரெண்டையும் உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. நான் சொல்றவரைக்கும் இந்த கேட்டைத் தாண்டி உள்ள வரக்கூடாது."

"அக்கா, உனக்கென்ன பைத்தியமா? இந்த வெயில்ல ஒத்தையில இங்க என்ன பண்ணப் போறே?"

"காவல் இருக்கப் போறேன்."

"எதுக்கு?"

"என் வீட்டுக்கு."

தூக்கி எறியலாம் என்று அவளும் நினைக்காமல் இல்லை. எறிந்தால் இன்னொரு வாசலில் போய் உட்காரும். அந்த வீட்டிலும் எல்லோருக்கும் வேலை இருக்கும். அந்த வீட்டிலும் ஒருத்தி, பாவம் என்று கிண்ணத்தில் ஊற்றுவாள். எரிக்கவும் பார்த்தாள். மண்ணெண்ணெய் ஊற்றியதும் பிரம்பு அதைக் குடித்துவிட்டது. தீக்குச்சி பற்றவே இல்லை. சரி. அது கேட்டது தண்ணீர் மட்டும். அந்தத் தண்ணீர் இனிக் கிடையாது. இந்த வீட்டுக்கு வந்தது, இந்த வீட்டிலேயே காயட்டும்.

பின்னறை வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். கிழவன் வந்து காலடியில் படுத்தான். அவனுக்கும் குரல் போயிருந்தது. யார் எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் வாலாட்டுகிறவன், இப்போது வாலைக்கூடக் கூடையின் பக்கம் நீட்டாமல் மடித்து வைத்துக்கொண்டான். பெரியவள் தினமும் மத்தியானம் சாப்பாட்டுக் கேரியரைக் கேட்டில் மாட்டிவிட்டு, கம்பி வழியாகக் கேட்பாள்: "அம்மா, இன்னும் எத்தனை நாள்?" "முடியப் போகுதுடி" என்பாள் இவள்.

மூன்று நாள் அது ஒன்றும் சொல்லவில்லை. நான்காம் நாள் உச்சி வெயிலில், தெருவில் ஒரு காக்கைகூட இல்லாத நேரத்தில், கூப்பிட்டது.

"ஏம்மா..."

அவள் கைகள் நாற்காலியின் பிடியை இறுக்கின.

"ஏம்மா. தண்ணி."

எப்படித் தெரிந்தது அதற்கு? ஏம்மா என்பதை அவர் சொல்வதுபோல், முதல் எழுத்தை லேசாக இழுத்து, கடைசியில் சிரிப்பைக் கொஞ்சம் ஒட்டி. கண்ணை மூடினால் அவர் அங்கே இருக்கிறார். வேனிலிருந்து இறங்கி, கழுத்தைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். அவருக்குத் தாகம்.

பேசக்கூடாது. பிள்ளைகளிடம் ஆயிரம் தடவை சொல்லியிருந்தாள்: அந்த அறையில் ஒரு வார்த்தை பேசக்கூடாது. மற்ற யாரையும்விட அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் ஒரு திருடன் அவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு எதிரில் வந்து நிற்கும்போது, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க அவளால் முடியவில்லை.

"அவரு தண்ணி வேணும்னா எழுந்து போய் அவரே மொண்டு குடிச்சுக்குவாரு," என்றாள். "எனக்கும் ஒரு டம்ளர் கொண்டு வருவாரு. பொண்டாட்டியை ஏவுற ஆளே இல்ல அவரு. அதுகூடத் தெரியாம அவர் குரல்ல பேச வந்துட்டியா?"

கூடை அமைதியாயிற்று. ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவளுக்கு உடம்பில் ரத்தம் ஓடுவது தெரிந்தது.

அதற்குப் பிறகு தினமும் அது கேட்டது. தினமும் அவள் கொடுத்தாள், தண்ணீரைத் தவிர மற்ற எல்லாவற்றையும்.

"ஏம்மா, நாக்கு ஒட்டுதும்மா."

"ஒட்டட்டும். ஊரான் குரலை முழுங்கின நாக்கு ஒட்டித்தான் போகும்."

"வெந்நீராவது..."

"உப்புப் போட்டா? அவருக்குக் குடுத்தேன். அதையும் வேவு பார்த்தியா?"

"இருட்டா இருக்கும்மா."

"நாலு பேரு இருந்த வீட்டை இருட்டாக்கினது யாரு? நீ இருட்டைப் பத்திப் பேசுறியா?"

அவள் நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டாள். பிரம்பு காய்ந்து முறுக்கிக்கொள்ளும் ஓசை கேட்க ஆரம்பித்தது; கயிறு தொளதொளத்தது; துணி சுருங்கி, உள்ளே இருப்பதன் உருவம் முன்பைவிடச் சின்னதாகத் தெரிந்தது. முன்பு எந்த வாடையும் இல்லாத இடத்தில் இப்போது வறண்ட கிணற்றின் வாடை. அவருடைய குரல் அதன் வாயில் நைந்து, நூல் நூலாகப் பிரிந்தது. ஒரு நாள் 'ம்மா' மட்டும் வந்தது. அவள் ஜெயித்துக்கொண்டிருந்தாள். ஜெயிக்கிறோம் என்ற வெறியில் திட்டினாள். தெரிந்த வசவு தீர்ந்ததும், அவர் எப்படிப்பட்டவர் என்று அதற்குச் சொன்னாள்: பெண் பார்க்க வந்த அன்று தப்பான வீட்டுக்குள் நுழைந்து டிபன் சாப்பிட்டவர், மழையில் வேன் நின்றால் நாற்பது பிள்ளைகளுக்கும் கதை சொல்லிச் சமாளித்தவர். உன்னால் திருட முடிந்தது ஒரு தொண்டைதான், ஆளை இல்லை என்றாள். கிழவன் அவள் புடவைத் தலைப்பைக் கவ்வி இழுத்தான். திரும்பத் திரும்ப இழுத்தான். அவள் உதறினாள்.

தொண்டை கமறியது. கத்துகிறோம் அல்லவா, கமறத்தான் செய்யும்.

பெரியவள் கேட்டில் நின்று, "என்னம்மா, குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள்.

"வெயிலுடி."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அன்று இரவு முழுவதும் வாயைத் திறக்கவில்லை. திறந்து பார்க்கப் பயமாக இருந்தது.

மறுநாள். உச்சி வெயில். கூடையிலிருந்து காலை முதல் சத்தமில்லை. துணி தொய்ந்து கிடந்தது. அவள் எழுந்து வாசற்படியில் நின்றாள். செத்தியா என்று கேட்க வாயைத் திறந்தாள்.

காற்று.

மறுபடி. காற்று. கழுத்து நரம்பு புடைக்க, அடிவயிற்றிலிருந்து. காற்றுகூட இல்லை.

கூடைக்குள் யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஒரு பெண்.

"வாலூ..."

உரக்க. தெருமுனைவரை கேட்கும்படி. சாயங்காலம் விளையாட்டிலிருந்து அவனை இழுத்து வரும் அதே இழுப்பு.

"கண்ணூ... அம்மாவுக்கு ஒரு டம்ளர் தண்ணி கொண்டு வாடா..."

இல்லை. அவன் சித்தி வீட்டில் இருக்கிறான். தூங்கிக்கொண்டிருப்பான். பெரியவள் விட மாட்டாள். அடுத்த தெரு. கேட்காது.

கேட்டின் கீல் கீச்சிட்டது. அடுப்படியில் பானை மூடி நகர்ந்தது.

டம்ளர் பானை விளிம்பில் இடிக்கும் ஓசை. தண்ணீர் மொள்ளும் ஓசை. சின்னப் பாதங்கள்.

அவன் கூடத்தைக் கடந்து வந்தான். நிறைய மொண்டுவிட்டான், சிந்தக்கூடாது என்று இரண்டு கையாலும் பிடித்து, டம்ளரின் விளிம்பையே பார்த்தபடி, ஒவ்வோர் அடியாக. நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். முடி வெட்டியிருந்தார்கள். பதினைந்து நாளில் அவனை அவள் இவ்வளவு கிட்டே பார்த்ததில்லை.

அவள் வாசலை அடைத்துக்கொண்டு இரு கைகளையும் விரித்தாள். நிலைக்கட்டையை இரண்டு பக்கமும் பிடித்தாள். தலையை ஆட்டினாள். வேண்டாம். வேண்டாம். வேண்டாம்.

"தள்ளும்மா, சிந்திடும். நீதானே கேட்டே?"

தலையை ஆட்டினாள்.

"நான்தான்டா கண்ணு கேட்டேன்," என்றது அவள் குரல், அவளுக்குப் பின்னாலிருந்து. "அங்க நிக்கிறது யாருன்னு தெரியலடா. பேசவே மாட்டேங்குறா பாரு. பயப்படாத. நீ உள்ள வா."

அவன் தலையை நிமிர்த்தினான். அவள் முகத்தைப் பார்த்தான். எண்ணெய் காணாத தலை, வெடித்த உதடு, குழி விழுந்த கண், திறந்து திறந்து மூடும் வாய். பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் கண்ணில் ஒன்று மெல்லப் பின்வாங்குவதை அவள் பார்த்தாள். தெருவில் யாரோ ஒருத்தியைப் பார்ப்பது போல.

பின்னால் கயிறு அறுந்து விழுந்தது.

மூடி உருண்டு போய்ச் சுவரில் மோதி நின்றது. கிழவன் ஊளையிட வாயைத் திறந்தபடி பின்னால் பின்னால் போனான். தரையில் ஏதோ கையூன்றியது. எழுந்தது. இடுப்புயரம். தோளுயரம். அவள் முதுகில் ஒரு சேலையின் உரசல்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நிலைக்கட்டையில் நகங்கள் ஒடிய ஒடிய இறுக்கினாள். என்னைத் தாண்டித்தான். என்னை உடைத்துக்கொண்டுதான்.

வாலுவின் பார்வை அவள் முகத்திலிருந்து நகர்ந்து, அவள் தோளுக்கு மேலே போயிற்று. அங்கே எதையோ கண்டுகொண்டது. பதினைந்து நாளாக முகத்தில் இல்லாத சிரிப்பு, அம்மாவுக்கு மட்டும் என்று வைத்திருக்கும் சிரிப்பு, மெல்ல விரிந்தது.

அவன் நுனிக்காலில் எம்பி டம்ளரைத் தூக்கி, அவள் தோளுக்கு மேலாக நீட்டினான்.